ரேப் கேஸ்ல பாதிக்கப்பட்ட குடும்பம்னா இப்படியும் காசு பிடுங்குவாங்க - 68,000 ரூபா போச்சு, தயவுசெஞ்சு படிங்க

68,000 ரூபா. இதுல ஒத்த ரூபா கூட நாங்க எவனுக்கும் குடுக்க வேண்டியதே இல்லைன்னு எல்லாம் குடுத்தப்புறம்தான் தெரிஞ்சது. அந்த ஆத்திரத்துலதான் எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா கண்டுக்காதீங்க.

எங்க குடும்பத்துப் பொண்ணு ஒருத்திக்கு நடந்தது. யாரு, எந்த ஊரு, எந்த ஸ்டேஷன்னு யாரும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பாதிக்கப்பட்டவங்கள அடையாளம் காட்டுனா பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 72வது பிரிவுல 2 வருஷம் வரைக்கும் ஜெயில், சொந்தக்காரங்கன்னாலும் யோசிச்சுதான் வாயத் தொறக்கணும்.

முதல் ஸ்டேஷன்ல "இது எங்க லிமிட் இல்லம்மா"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எந்த ஸ்டேஷனா இருந்தாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பாக்காம பதிவு பண்றது) போட்டே ஆகணும், ரேப் புகார பதிவு பண்ணாத போலீஸ்காரருக்கு 6 மாசத்துல இருந்து 2 வருஷம் வரை தண்டனைன்னு சட்டத்துலயே இருக்கு, ஆனா அந்த நேரத்துல அதையெல்லாம் எங்களுக்கு யாரு சொன்னா. அன்னைக்கு ராத்திரி போன்ல தேடும்போது ஒரு சட்ட உதவி ஆப் விளம்பரம் வந்துச்சு, பெண்களுக்குன்னே 24 மணி நேர சேவைன்னு. நம்பரப் போட்ட உடனே கூப்ட்டாங்க. ஒரு பொண்ணு குரல். "அக்கா, மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க, அவங்களுக்கும் குடுங்க, அப்புறம் பேசலாம், இனிமே இது உங்க பிரச்சனை இல்ல, எங்க பிரச்சனை"ன்னு சொன்னா. ஸ்டேஷன்ல உக்காருன்னு கூட ஒருத்தரும் சொல்லல, இவ தண்ணி குடிங்கன்றா. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 68,000 ரூபா. அந்தப் பொண்ணும் எழுதிக் குடுத்ததத்தான் வாசிச்சிருக்கான்னு இப்ப தோணுது, அப்படி ஒரு பாசம் அந்தக் குரல்ல.

"எஃப்.ஐ.ஆர்.ல இருந்து தீர்ப்பு வரைக்கும்" ஃபுல் பேக்கேஜாம். எங்க சக்சஸ் ரேட் 95 பர்சென்ட், ஆறே மாசத்துல தீர்ப்புன்னு ஒரு பிடிஎஃப் வேற, அதுல அண்ணா யுனிவர்சிட்டி கேஸ உதாரணமா போட்டிருக்கான், என்னமோ இவனுங்களே வாங்கிக் குடுத்த மாதிரி. அந்த கேஸ்ல ஹைகோர்ட்டே பெண் ஐபிஎஸ் அதிகாரிங்க டீம் போட்டுச்சு, 2024 டிசம்பர்ல நடந்ததுக்கு 2025 ஜூன்ல குறைஞ்சது 30 வருஷம் உள்ள இருக்கற மாதிரி ஆயுள் தண்டனை குடுத்தாங்க. எல்லா கேஸும் அப்படியா போகுது? பொள்ளாச்சி 2019ல வெளிய வந்தது, தீர்ப்பு 2025 மே மாசம். வாச்சாத்தி 1992ல நடந்தது, 2011லதான் தண்டனை, அத ஹைகோர்ட் உறுதி பண்றதுக்கு 2023 ஆயிடுச்சு. நாடு முழுக்க எடுத்தா ரேப் கேஸ்ல தண்டனை விகிதம் 2022ல 30 பர்சென்ட்ட கூட தொடல, அது அரசாங்கமே குற்ற ஆவணக் காப்பகத்துல போட்ட கணக்கு. இவனுக்கு மட்டும் எங்க இருந்து 95 வந்துச்சு?

இப்ப பில்லுக்கு வரேன். மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வாக்குமூலம் குடுக்கப் போன அன்னைக்கு கூட வந்த லேடி கான்ஸ்டபிள்தான் "வக்கீல் வேணும்னா சட்டப்பணிகள் ஆணைக்குழுல கேளுங்கக்கா, ஃப்ரீ"ன்னு சொன்னாங்க. அங்க போய் ஒரு வக்கீலம்மாகிட்ட இந்த பில்லக் காட்டுனேன். அவங்க பேனாவ எடுத்து ஒவ்வொரு வரியா அடிச்சுக்கிட்டே வந்தாங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது.

எஃப்.ஐ.ஆர். நகல் 6,000 ரூபாயாம். அது புகார் குடுத்தவங்களுக்கும் பாதிக்கப்பட்டவங்களுக்கும் ஸ்டேஷன்ல இலவசமா குடுக்கணும். அடிச்சாங்க. மெடிக்கல் ஏற்பாடு, "கண்ணியமான பரிசோதனை உறுதி"ன்னு 9,000. ரேப்ல பாதிக்கப்பட்டவங்களுக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரியோ பிரைவேட்டோ உடனே இலவசமா சிகிச்சை குடுத்தே ஆகணும், மாட்டேன்னா அது தனி குற்றம். அந்தரங்க உறுப்புல விரல் விட்டுப் பாக்கற அந்த ரெண்டு விரல் டெஸ்ட் பண்றதே தப்பான நடத்தைன்னு சுப்ரீம் கோர்ட் 2022லயே சொல்லிடுச்சு. பண்ணவே கூடாத ஒண்ண பண்ணாம இருக்கறதுக்கு எங்ககிட்ட ஒன்பதாயிரம் வாங்கியிருக்கான் பாருங்க. மாஜிஸ்ட்ரேட் வாக்குமூலத்துக்கு 11,000, அது போலீசோட கடமை, அதுல ஏற்பாடு பண்ண ஒண்ணுமே இல்ல. நஷ்டஈடு அப்ளிகேஷனுக்கு 12,000, அது போக வர்ற தொகையில 20 பர்சென்ட்ன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்தும் வாங்கிட்டான். 2018ல தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு போட்ட திட்டத்துல ரேப்புக்கு 4 லட்சத்துல இருந்து 7 லட்சம் வரைன்னு இருக்கு, மாவட்ட ஆணைக்குழுல ஒரு மனு குடுத்தா போதும், கேஸ் முடியறதுக்கு முன்னாடியே இடைக்கால நிவாரணமும் கேக்கலாம். கேஸ்ல வர்ற பணத்துல பங்கு கேக்கறது வக்கீல் தொழில் விதிக்கே விரோதம்னு அந்தம்மா சொன்னாங்க.

கடைசி வரிதான் பெருசு. "விசாரணையில் எங்கள் சீனியர் அட்வகேட்" 30,000. "குறுக்கு விசாரணையில அவனக் கிழிச்சுத் தொங்க விட்ருவார்"ன்னு போன்ல சொன்னாங்க. செஷன்ஸ் கோர்ட்ல வழக்க நடத்தறது அரசு வக்கீல், அவருக்கு சம்பளம் அரசாங்கம் குடுக்குது. நம்ம தனியா வச்சிருக்கற வக்கீல் அவருக்கு உதவி பண்ணலாம், சாட்சியெல்லாம் முடிஞ்சப்புறம் கோர்ட் அனுமதிச்சா எழுத்துல வாதம் குடுக்கலாம். குறுக்கு விசாரணை பண்ண முடியாதுன்னு 2019லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. இல்லாத சீட்டுக்கு டிக்கெட் வித்திருக்கான்.

பணத்தத் திருப்பிக் கேட்டதும் அந்தப் பாசக் குரல் காணாமப் போச்சு. சீனியர் கோர்ட்ல இருக்கார், சீனியர் மீட்டிங்ல இருக்கார், டிக்கெட் போட்ருக்கோம் மேடம். அக்கா மேடம் ஆயிட்டேன். அப்புறம் ஒரு மெசேஜ், "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?" ரேப் கேஸுக்கு ஸ்டார் கேக்கறானுங்க. எஃப்.ஐ.ஆர். நகல் டெலிவரி ஆயிடுச்சாம், அதனால ரீஃபண்ட் கிடையாதாம். அந்த நகல ஸ்டேஷன்ல எங்க கையிலதான் குடுத்தாங்க, நான்தான் வாட்ஸப்ல இவங்களுக்கு அனுப்புனேன், அதுலயே இவங்க லோகோவப் போட்டு எனக்கே திருப்பி அனுப்பிட்டு டெலிவரின்றான்!

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்னேன். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துல வராதுன்னு 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு மேடம்னு பதில் வந்துச்சு. சரி, அப்ப வக்கீல் மேல பார் கவுன்சில்ல (வக்கீலுங்க மேல நடவடிக்கை எடுக்கற அமைப்பு) புகார் குடுக்கறேன்னா, நாங்க வெறும் டெக்னாலஜி பிளாட்ஃபார்ம், வக்கீலுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லன்றான். விக்கும்போது வக்கீல், திருப்பிக் கேட்டா வெறும் ஆப். வக்கீல் சேவைய கடை சாமான் மாதிரி ஆன்லைன்ல விக்கற சைட்டுங்க மேல நடவடிக்கை எடுங்கன்னு 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட்டே பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டிருக்கு, அதச் சொன்னதும் லைன கட் பண்ணிட்டான்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். கடைசியா ஒருத்தன் கூப்ட்டு, "எதிர்த் தரப்புல நல்ல அமவுண்ட் பேசலாம் மேடம், உங்க 68,000ஐயும் அதுலயே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு சொன்னான். யார் பக்கம் நிக்கறாங்க இவங்க? ரேப் கேஸ்ல சமரசம்ங்கற பேச்சுக்கே இடம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2015ல சொன்னது. இது அவனுக்குத் தெரியாமலா இருக்கும். நான் பேசுன பேச்ச இங்க எழுத முடியாது.

இன்னொரு பயம் வேற இருக்கு. ஆரம்பத்துல "கேஸ் ஸ்டடிக்கு"ன்னு எங்க வீட்டுப் பொண்ண நடந்தத எல்லாம் வாய்ஸ் நோட்டா பேச வச்சு வாங்கிட்டாங்க. அத டெலிட் பண்ணுங்கன்னு கேட்டா பதிலே இல்ல. அண்ணா யுனிவர்சிட்டி கேஸ்ல எஃப்.ஐ.ஆர். லீக் ஆனதுக்கு அந்தப் பொண்ணுக்கு 25 லட்சம் குடுக்கச் சொல்லி ஹைகோர்ட் அரசாங்கத்துக்கு உத்தரவு போட்டுச்சு. ஸ்டேஷன்ல இருந்தே வெளிய போகும்னா, ஒரு ஆப்கிட்ட இருக்கற குரல் எங்கெங்க போகும்னு நெனச்சா தூக்கம் வரல.

என்னென்ன பண்ணணும்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல, சுருக்கமா சொல்றேன். 15100க்குப் போன் பண்ணுங்க, சட்டப்பணிகள் ஆணைக்குழு நம்பர், பொம்பளைங்களுக்கு எவ்ளோ வருமானம் இருந்தாலும் வக்கீல் இலவசம். 181 பெண்கள் உதவி எண். வாய்ஸ், வீடியோ எதையும் எவனுக்கும் அனுப்பாதீங்க. 95 பர்சென்ட்னு சொன்னா போன வைங்க. பணம் போயிருந்தா சைபர் க்ரைம் உதவி எண் 1930க்கு உடனே சொல்லுங்க, லேட் பண்ணாதீங்க.

நாங்களும் 1930ல சொல்லியிருக்கோம், வாய்ஸ் நோட்டுக்கு சைபர் க்ரைம்ல தனியா எழுதிக் குடுத்தாச்சு. பார் கவுன்சிலுக்கும் புகார் எழுதி வச்சிருக்கேன், ஆனா அந்த சீனியரோட என்ரோல்மென்ட் நம்பரக் கேட்டா அதையும் தர மாட்டேன்றாங்க, பேரு கூட பில்லுல இல்ல.