ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் சாப்பிடுகிறவர்களுக்கு ஓசிடியா, ஃபீல்டு டெஸ்டா?

உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்காக ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் சாப்பிட ஆரம்பித்து எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது. மூட்டுவலிக்கும் தோல் தடிப்புக்கும் இந்த அளவுக்குக் கைகொடுத்த மருந்து எனக்கு வேறு இல்லை. ஆனால் நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு விழித்திரை பழுதாகும். பழுதான இடம் திரும்பச் சரியாகாது. மாத்திரையை நிறுத்திய பிறகும் சிலருக்குக் கூடிக்கொண்டே போகும். அதனால் பார்வையில் தெரியும் முன்பே பிடித்துவிட வேண்டும்.

விழித்திரையை வெறுமனே போட்டோ எடுத்துப் பார்ப்பதை முதலிலேயே விட்டுவிடலாம். நடுவில் வளையம் வளையமாகத் தெரிகிற கட்டத்தில் பாதிப்பு முற்றியிருக்கும். மிச்சமிருப்பது, பார்வைப் பரப்பில் எங்கே தெரியவில்லை என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்டும், ஒளியால் விழித்திரையைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேனும். என் ஓட்டு ஓசிடிக்கு.

ஃபீல்டு டெஸ்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஒரு கண்ணை மூடிவிட்டு, தாடையைப் பதித்து, நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரத்தில் மினுக்கும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் பட்டனை அழுத்த வேண்டும். கொஞ்சம் கவனம் சிதறினாலும் தாளில் கறுப்புத் திட்டு விழும். ஒருமுறை இரவு முழுக்கத் தூங்காமல் போய் உட்கார்ந்தேன். இரண்டு கண்ணிலும் திட்டு. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது சுத்தமாக வந்தது. அந்த இரண்டு வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஓசிடியில் அந்தத் தொல்லை இல்லை. சில நொடிகள் அசையாமல் பார்த்தால் போதும், விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டிவிடும். அதில் நூல் மாதிரி ஓடும் ஒரு வெள்ளைக் கோட்டை டாக்டர் பேனா முனையால் காட்டினார். இந்த மருந்தால் பழுது வந்தால் பெரும்பாலும் நடுக்குழியின் இரு பக்கமும் அந்தக் கோடுதான் முதலில் மங்கி அறுபடுமாம். என்னுடையது அறுபடாமல் இருந்தது.

நான் ஓசிடி பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் வேறு. போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பல மெஷின்கள் முன்பு எடுத்த அதே இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி எடுக்கும். மெதுவாக வரும் பாதிப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் மெஷின் மாறக்கூடாது. நான் ஒரு வருடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறு இடத்தில் எடுத்தேன். விழித்திரையின் தடிமன் 12 மைக்ரான் குறைவாக வந்தது. பயந்துபோய்ப் பழைய டாக்டரிடம் ஓடினேன். ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு கோட்டிலிருந்து அளக்கும், இரண்டு எண்ணையும் ஒப்பிடவே கூடாது என்றார். அன்றிலிருந்து ஒரே இடம், ஒரே மெஷின். ரிப்போர்ட் மட்டும் வாங்காமல் படங்களையும் கேட்டு வாங்கி ஃபைலில் வைக்கிறேன். மருந்து தொடங்கிய முதல் வருடத்திலேயே ஒரு படம் எடுத்து வைத்தவர்கள் புத்திசாலிகள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. என் முதல் படம் நான்காவது வருடத்தில்தான்.

இன்னொன்று, நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு. 2015இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், பாதிப்பு கண்ட ஆசிய வம்சாவளியினரில் பாதிப்பேருக்கு அது நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளியே இருந்தது. வெள்ளையர்களில் 2 சதவீதம்தான் அப்படி. அதனால் ஓசிடியை அகலமாக எடுக்கச் சொல்லுங்கள். ஃபீல்டு டெஸ்டிலும் நடு 10 டிகிரியை மட்டும் பார்க்கும் 10-2 போதாது, 24 டிகிரி வரை பார்க்கும் 24-2வும் வேண்டும்.

அப்படியென்றால் ஃபீல்டு டெஸ்ட் வேண்டாமா? வேண்டும். சிலருக்கு ஸ்கேனில் தெரியும் முன்பே அதில் தெரிந்துவிடுகிறது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியின் 2016 வழிகாட்டுதலும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்து காலையிலேயே போய்விடுங்கள். விழித்திரை தானாக ஒளிர்வதைப் பிடிக்கும் ஆட்டோஃப்ளோரசன்ஸ் படம் நான் ஒரே முறைதான் எடுத்தேன், ஒப்பிட இன்னொன்று என்னிடம் இல்லை. அதனால் அதைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் ஓசிடியோடு அதையும் முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

வருடாந்திரப் பரிசோதனை ஐந்தாம் வருடத்துக்கு மேல் என்பது பொதுவான கணக்கு. கிட்னிக் கோளாறு இருந்தாலோ, மார்பகப் புற்றுநோய்க்கான தமோக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டாலோ, மாத்திரை அளவு கூடினாலோ அதற்கு முன்பே தொடங்க வேண்டும். அளவு என்பது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்குள். என் எடை 54 கிலோ, அதாவது 270 மில்லிகிராம். நானோ பல வருடம் தினமும் 400 சாப்பிட்டேன். இப்போது என் டாக்டர் வாரத்தில் ஐந்து நாள் 200, இரண்டு நாள் 400 என்று மாற்றித் தந்திருக்கிறார்.