ஏபிகே கோப்பு எந்த வழியால் வந்தால் நம்பலாம்?

யாழ்ப்பாணத்தில் ஒரு போனுக்குள் செயலி வந்து சேரப் பல வழிகள் உண்டு: பிளே ஸ்டோர், போன் கடைக்காரரின் கணினி, கனடாவிலிருந்து மச்சான் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே கோப்பு (அன்ட்ரொய்ட் போனில் செயலியை ஏற்றும் கோப்பு). பிளே ஸ்டோருக்கு வெளியே எல்லாமே ஆபத்து என்று பலர் ஒரேயடியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிளே ஸ்டோரில் கூகுள் சோதித்துத்தான் உள்ளே விடுகிறது. அப்படியிருந்தும் ஜோக்கர் என்ற தீநிரல் 2017 முதல் திரும்பத் திரும்ப அதற்குள் நுழைந்து, ஆட்களுக்குத் தெரியாமலே அவர்களைக் கட்டணச் சேவைகளில் சேர்த்துவிட்டது.

எஃப்-டிரொய்ட் என்ற இன்னொரு செயலிக் களஞ்சியம் வேறு மாதிரி. திறந்த மூலச் செயலிகள், அதாவது மூலநிரலை யாரும் பார்க்கக்கூடிய செயலிகள் மட்டும்தான் அங்கே உண்டு. பெரும்பாலும் மூலநிரலை எடுத்துத் தாங்களே கட்டித் தருகிறார்கள். ஆனால் புதுப் பதிப்பு சில நாள் பிந்தி வரலாம். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பதிப்பென்றால் அது சின்ன விடயமல்ல.

தயாரித்தவரின் சொந்தத் தளத்தில் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்ட்ரொய்ட் செயலி ஒவ்வொன்றிலும், தயாரித்தவரை அடையாளம் காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். ஏற்கெனவே ஏறிய செயலியை வேறு கையொப்பமுள்ள கோப்பால் புதுப்பிக்கப் போனால் போன் மறுத்துவிடும். ஆகவே முதல் தடவை ஏற்றும்போதுதான் ஆபத்து அதிகம். சிக்னல் என்ற செய்திச் செயலி தன் தளத்தில் ஏபிகே கோப்போடு கையொப்பச் சான்றிதழின் அடையாள எண்ணையும் போட்டிருக்கிறது. அதை, எடுத்த கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பொறுமையில்லை என்றால் இந்த வழி வேண்டாம்.

வட்ஸ்அப்பில் வரும் ஏபிகேதான் மிக மோசம். அனுப்பியவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அந்தக் கோப்பு யார் கையால் வந்தது என்று அவருக்கும் தெரியாது. 2021 இல், வட்ஸ்அப்பை வேறு ஆட்கள் மாற்றிச் செய்த எஃப்எம் வட்ஸ்அப்பின் ஒரு பதிப்புக்குள் டிரயாடா என்ற தீநிரல் இருந்ததை கஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. இப்படி வந்த செயலிக்கு எஸ்.எம்.எஸ் வாசிக்கும் அனுமதியைக் கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி அப்படியே தீநிரலை வைத்தவர்கள் கைக்குப் போய்விடும்.

என்னைக் கேட்டால், வங்கிச் செயலி இருக்கிற போனிலும் அம்மா அப்பாவின் போனிலும் பிளே ஸ்டோர் மட்டும் போதும். கணினி படிக்கிற பிள்ளைக்கு எஃப்-டிரொய்டைத் தாராளமாகக் காட்டலாம். அன்ட்ரொய்ட் 8 முதல், வெளியிலிருந்து செயலி ஏற்றும் அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. வீட்டுப் போன்களின் அமைப்புகளில் அந்த அனுமதி வட்ஸ்அப்புக்கு இருந்தால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.