பிள்ளைகள் கை கழுவ: சோப்புக் கட்டியா, ஹேண்ட்வாஷா, சானிடைசரா?

எங்கள் மழலையர் பள்ளிக் குழாயடியில் இப்போது தொங்குவது வலைப்பையில் போட்ட சோப்புக் கட்டி. மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு என்பதால் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

சானிடைசரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மண்ணில் அளைந்த கையில் அது எடுபடாது, குடற்புழு முட்டையை ஒன்றும் செய்யாது. ஆல்கஹால் வேறு, மூன்று வயதுக் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

ஹேண்ட்வாஷ் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வாசனை, நுரை எல்லாம் சரி. ‘கிருமிநாசினி’ என்று லேபிளில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கராச்சியில் சோப்பு கொடுத்து, வாராவாரம் வீட்டுக்கே போய் வலியுறுத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் நிமோனியா பாதியாகக் குறைந்தது; சாதாரண சோப்புக்கும் கிருமிநாசினி சோப்புக்கும் வித்தியாசம் இல்லை.

பராமரிப்பில்தான் பாட்டில் தோற்றது. பம்ப் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான். ஒரு அழுத்து போதும் என்றால் நாலு அழுத்துவார்கள். தீர்ந்தாலும் பாட்டில் நிறைந்தது போலவே நிற்கும். தீரும் தறுவாயில் ஆயாம்மா தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பார். மிச்சத்தின் மேலேயே நிரப்பிக்கொண்டு போனால் உள்ளேயே கிருமி வளர இடமுண்டு. ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும். பிள்ளைகளைச் சாப்பிட வைக்கும் நேரத்தில் யார் செய்வது? வலைப்பையில் அந்த வேலையே இல்லை. கட்டி கரையக் கரையப் பை சுருங்கி எல்லார் கண்ணிலும் படும். சாக்கடையில் விழாது, காக்கா தூக்கிப்போகாது. வலை உரசுவதால் நுரையும் சீக்கிரம் வரும்.

ஒரே கட்டியை எல்லாரும் தொடலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நுரையோடு தேய்த்துக் கழுவும்போது கட்டியில் ஒட்டியிருக்கும் கிருமியும் சேர்ந்தே போய்விடும். கொழகொழவென்று ஊறிக் கிடக்கும் சோப்புப் பெட்டிதான் ஆகாது. தொங்கும் பை காய்ந்துவிடும்.

எங்கள் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்ததா என்றால், சொல்லும்படி கணக்கு எதுவும் எடுக்கவில்லை. எங்கள் குழாயில் வருவது நல்ல தண்ணீர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி நுரைக்காமல் திரிதிரியாகிவிடும். அங்கே ஹேண்ட்வாஷே மேல். வங்கதேசத்தில் 1.5 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் சலவைத்தூள் கலந்து பாட்டிலில் வைத்துக் கை கழுவுகிறார்கள். மலிவானது, உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். பிஞ்சுத் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற தயக்கத்தில் நாங்கள் அதை முயன்றதில்லை.