175 கிராம் தட்டு: முதல் போட்டிக்குப் பிறகு ஒரு மதிப்புரை

எங்கள் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பட்டியலில் கபடி இருக்கிறது, கோகோ இருக்கிறது, கைப்பந்து இருக்கிறது, பறக்கும் தட்டை எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் இல்லை. பயிற்சியாளரும் நிதி ஒதுக்கீடும் இல்லாமல், ஆண்களும் பெண்களுமாகப் பதினொரு பேர் சேர்ந்து நாங்களே ஓர் அணியை அமைத்துக்கொண்டு, சென்னைக் கடற்கரையில் நடந்த இரண்டு நாள் போட்டியில் சென்ற மாதம் முதன்முறையாக ஆடினோம். அந்தப் போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன் வாங்கிய டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் அல்ட்ரா ஸ்டார் தட்டைப் பற்றியதே இந்த மதிப்புரை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வரிகள். தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடக் கூடாது. எதிரே நின்று மறிப்பவர் பத்து வரை எண்ணி முடிப்பதற்குள் அதை எறிந்துவிட வேண்டும். எதிர்முனை எல்லைப் பகுதிக்குள் தம் அணியினர் பிடித்தால் ஒரு புள்ளி. தரையில் விழுந்தால் தட்டு எதிரணிக்குப் போய்விடும். புல்தரையில் அணிக்கு ஏழு பேர், மணலில் ஐந்து பேர். 1968இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மேப்பிள்வுட்டில் உள்ள ஒரு பள்ளியின் மாணவர்கள் தொடங்கிய ஆட்டம் இது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முதல் ஆட்டம் 1972 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. 29-27 என்று ரட்கர்ஸ் வென்றது. அந்த ஆட்டம் நடந்தது ஒரு வாகன நிறுத்துமிடத்தில் என்று படித்தபோது எங்களுக்குப் பெரிய ஆறுதல், ஏனெனில் நாங்களும் விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில், வண்டிகள் வெளியேறிய பிறகுதான் பயிற்சி செய்கிறோம்.

முதல் நான்கு மாதங்கள் நாங்கள் பழகியது ஒரு பொம்மைக் கடையில் வாங்கிய தட்டில். தட்டு என்றால் தட்டுதானே என்று நினைத்திருந்தோம். புதிய தட்டு வந்த அன்று இரண்டையும் விடுதிக்கு எதிரே உள்ள மளிகைக் கடை அண்ணாச்சியின் தராசில் வைத்துப் பார்த்தோம்: பழையது 110 கிராம், புதியது 175. அறுபத்தைந்து கிராம் என்பது சொல்லும்போது சிறிதாகத் தெரிகிறது. கையில் எடுத்து எறியும்போதுதான் அது வேறு விளையாட்டு என்றே புரிகிறது. எடை கூடிய தட்டு, போதிய சுழற்சியோடு கையை விட்டுக் கிளம்பினால், வழியில் எளிதாகத் தடுமாறுவதில்லை. இலேசான தட்டோ சுழற்சி சற்றுக் குறைந்தாலும் காற்றின் போக்கில் போய்விடும். அதை நேராகச் செலுத்துவதற்காக நாங்கள் முழுக் கையையும் வீசிப் பழகியிருந்தோம். அந்தப் பழக்கத்தை மறக்க மூன்று வாரங்கள் போதவில்லை.

அல்ட்ரா ஸ்டார் 1981இல் அறிமுகமானது. 1991இல் அமெரிக்க அல்டிமேட் அமைப்பின் அதிகாரபூர்வத் தட்டானது. விட்டம் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். மேற்பரப்பில் வட்ட வட்டமாக மெல்லிய வரிகள் ஓடுகின்றன. கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் எறியும் பேக்ஹேண்ட் எறிக்குக் கட்டைவிரல் அமர்வது இந்த வரிகளின் மேல்தான். எறியும் கையின் பக்கத்திலிருந்தே எறியும் ஃபோர்ஹேண்டில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விளிம்பின் உட்சுவரை அழுத்துகின்றன. அந்தச் சுவர் விரலை அறுக்காத அளவுக்கு வழவழப்பாகவும், வியர்த்த கையிலும் நழுவாத அளவுக்கு ஆழமாகவும் இருக்கிறது. ஒரே குறை விலைதான். மாணவர்களுக்கு அது எளிய தொகை அன்று, பொம்மைத் தட்டைப்போலப் பல மடங்கு ஆகிறது. பதினொரு பேர் பங்கு போட்டும் இரண்டுதான் வாங்க முடிந்தது.

போட்டியில் இந்தத் தட்டின் இயல்பு முழுவதும் வெளிப்பட்டது முதல் நாள் நண்பகலுக்குப் பிறகு, கடற்காற்று எழுந்தபோது. காலையில் அசைவற்றுக் கிடந்த கொடிகள் படபடக்கத் தொடங்கின. காற்று ஆடுகளத்தின் குறுக்கே வீசியது. தட்டின் அடிப்பக்கம் கொஞ்சம் காற்றின் பக்கம் திரும்பினாலும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. நான் எறிந்த மூன்று தட்டுகள் அடுத்தடுத்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போயின. எதிரணித் தலைவியாக இருந்த அக்கா, ஆட்டம் முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிச் சொன்னார்: “தம்பி, நீங்க தோளால எறியறீங்க. தோளை விடுங்க, மணிக்கட்டுல சுழற்சி குடுங்க. காத்து வர்ற பக்கத்து ஓரத்தைக் கொஞ்சம் தாழ்த்துங்க, மத்ததைத் தட்டு பாத்துக்கும்.” மறுநாள் காலை அவர் சொன்னபடியே எறிந்தேன். முழங்கால் உயரத்தில் கிளம்பிய தட்டு, சாய்ந்தபடியே ஏறக்குறைய இருபது மீட்டர் போய், கடைசியில் நிமிர்ந்து, ஓடிக்கொண்டிருந்த எங்கள் அணித் தோழியின் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே அமர்ந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தின் முதல் வெற்றி அந்த ஆட்டத்தில்தான் கிடைத்தது. மற்ற நான்கிலும் தோற்றோம்.

தட்டைப் பற்றிய மதிப்புரையில் இதையும் சொல்லியாக வேண்டும்: இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. உலகப் போட்டிகளிலும் தவறா இல்லையா என்பதை ஆட்டக்காரர்களே பேசித் தீர்மானிக்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் விதி அறிவு, உடல் மோதலைத் தவிர்த்தல், நியாய உணர்வு, மனப்பாங்கு, பேச்சுமுறை ஆகிய ஐந்துக்கும் எதிரணிக்குப் பூச்சியம் முதல் நான்கு வரை மதிப்பெண் வழங்க வேண்டும். ஒரு முறை, என் கைக்கு வந்துகொண்டிருந்த தட்டை எதிரணி இளைஞர் ஒருவர் தட்டிவிட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவரே நின்று, என் முன்கையில் தம் கை முதலில் பட்டது என்று சொல்லி, தட்டை மணல் தட்டித் துடைத்து என்னிடம் நீட்டினார். அந்தத் தட்டு இப்போது என் அறையில் இருக்கிறது.

புதிதாக அணி தொடங்குவோரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: சீருடைக்கு முன் தட்டு வாங்குங்கள். நாங்கள் பெயர் அச்சிட்ட சட்டைகளுக்குச் செலவழித்த தொகையில் இன்னும் நான்கு தட்டுகள் வாங்கியிருக்கலாம். இருவருக்கு ஒன்று வீதம் இருந்திருந்தால் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூறு முறை எறிந்திருக்க முடியும். எடை 175 கிராம்தானா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் மணலில் உழன்றதில் எங்கள் தட்டின் விளிம்பு ஓரிடத்தில் சொரசொரத்துவிட்டது, பிடிக்கும்போது விரலில் உறுத்தியது. மிக மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் தேய்த்தேன், மறுபடி வழவழப்பாகிவிட்டது. எறியும்போது வேறுபாடு எதுவும் தெரியவில்லை.