சாம்பாவா, என்எஃப்எஸ்ஸா? வீட்டு ஃபைல் சர்வர் மக்கர் பண்ணும்போது தெரியும் வித்தியாசம்

எங்கள் வீட்டில் டிவிக்குக் கீழே, ரவுட்டருக்குப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று இருக்கிறது. தனி அடாப்டரில் ஓடும் 4 டெராபைட் யூஎஸ்பி டிஸ்க் அதில் செருகியிருக்கிறது. என் லினக்ஸ் டெஸ்க்டாப், மனைவியின் விண்டோஸ் லேப்டாப், மகளிடம் இருக்கும் பழைய மேக், ஹாலில் உள்ள ஆண்ட்ராய்டு டிவி, நான்குக்கும் அந்த டிஸ்க்தான் பொதுக் களஞ்சியம். ஒரு மெஷினின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக மற்ற மெஷின்களுக்குத் திறந்துவிடப் பரவலான இரண்டு வழிகள் உண்டு: லினக்ஸ், யூனிக்ஸ் பக்கத்து என்எஃப்எஸ், விண்டோஸின் எஸ்எம்பி முறையில் பேசும் சாம்பா. முதலில் இரண்டு வருடம் என்எஃப்எஸ் மட்டும் வைத்திருந்தேன். அப்புறம் சாம்பாவுக்கு மாறினேன். இப்போது இரண்டும் ஓடுகின்றன.

இரண்டில் எது வேகம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்கு வரும். பெரிய வீடியோ ஃபைல் என்றால் இரண்டுமே அந்த அளவை எட்டிவிடும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் என்றால் என்எஃப்எஸ் கொஞ்சம் முன்னால் ஓடும். நகலெடுக்கும்போது நொடிக்கு 11 மெகாபைட்டிலேயே நிற்கிறது என்றால் சாம்பாவையும் திட்ட வேண்டாம், என்எஃப்எஸ்ஸையும் திட்ட வேண்டாம். அது 100 மெகாபிட் இணைப்பின் அளவு. கிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள எட்டுக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வீட்டுக்கு முக்கியம் வேறு கேள்வி. ஒருநாள் ஃபோல்டர் திறக்காது, அல்லது திறக்கும் ஆனால் எழுத விடாது. அப்போது எது காரணத்தைச் சொல்லும், எது வாயை மூடிக்கொள்ளும்? என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு விண்டோஸ் மெஷின் இருந்தாலும் மனிதர்கள் தொடும் ஃபோல்டர்களுக்குச் சாம்பாதான். லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவில், படிக்க மட்டும் செய்யும் டிவிக்கு, என்எஃப்எஸ்.

இரண்டையும் ஒப்பிடும் முன் இரண்டுக்கும் பொதுவான ஒரு கோளாறு உண்டு. சர்வரில் டிஸ்க் மவுண்ட் ஆகாமலேயே, அதாவது ஒரு ஃபோல்டரோடு இணையாமலேயே, ஷேர் (பகிரப்பட்ட ஃபோல்டர்) ஓடிக்கொண்டிருக்கும். மின்வெட்டு முடிந்து கரன்ட் வந்ததும் பை எழுந்துவிட்டது, டிஸ்க் எழ நேரமானது. மவுண்ட் செய்ய வேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர் மட்டும் இருந்தது. சாம்பா அதையே பகிர்ந்தது. மனைவி அன்று ஒரு கல்யாணத்தின் படங்களை அதில் போட்டார். எல்லாம் 32 ஜிபி எஸ்டி கார்டில் போய் உட்கார்ந்தன, கார்டு நிரம்பி பையே நின்றுவிட்டது. ஆகவே முதலில் சர்வரில் ‘டிஎஃப்’ என்ற கட்டளையை அடித்து, டிஸ்க் அந்த இடத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் டிஸ்க்கின் யூயூஐடி என்ற அடையாள எண்ணைக் கொடுங்கள், எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம் மாறும். டிஸ்க் விண்டோஸ் பாணி என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இருந்தால், அனுமதிகளை மாற்றும் ‘சிஎச்மோட்’ கட்டளை அங்கே வேலை செய்யாமல் போகலாம். யாருக்கு உரிமை என்பதை மவுண்ட் செய்யும்போதே சொல்ல வேண்டும். முடிந்தால் லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

இனி இரண்டும் பிரியும் இடம். நீ யார் என்று சர்வர் கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலான தலைவலியும் இருக்கிறது.

என்எஃப்எஸ்ஸை 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்டது. ஒரே நிர்வாகியின் கீழ் இருக்கும் மெஷின்கள் ஒன்றையொன்று நம்பும் என்ற எண்ணத்தில் உருவானது அது. சாதாரண அமைப்பில் கடவுச்சொல் கிடையாது. வரும் மெஷின் தன் பயனர் எண் 1000 என்று சொன்னால் சர்வர் அப்படியே ஏற்றுக்கொள்ளும். பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். பையிலும் என் டெஸ்க்டாப்பிலும் முதல் பயனர் 1000 என்பதால் எனக்கு எல்லாம் ஓடியது. மேக்கில் முதல் பயனரின் எண் 501. மகள் மேக்கிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து திருத்தினால் அனுமதி இல்லை என்று மட்டும் வரும். ஏன் என்று எங்கேயும் எழுதியிருக்காது. சர்வரில் ‘எல்எஸ் -எல்என்’ அடித்து ஃபைல்களின் உரிமையாளர் எண்களைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

எதை யாருக்குப் பகிர்வது என்று என்எஃப்எஸ்ஸுக்குச் சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் இன்னொரு பொறி. 192.168.1.20 என்ற முகவரியை எழுதி, அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் எழுதும் உரிமையைக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு இடைவெளி விழுந்தால் அர்த்தம் தலைகீழ். அந்த மெஷினுக்குப் படிக்கும் உரிமை மட்டும், உலகத்தில் மற்ற எல்லோருக்கும் எழுதும் உரிமை! உங்கள் மெஷினில் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தால் அந்த வரியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். திருத்திய பிறகு ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ’ அடிக்க மறக்க வேண்டாம்.

சாம்பா வேறு ஜாதி. கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதைத் தொடங்கினார். இது மெஷினை நம்பாது, ஆளைக் கேட்கும். அதற்கென்று தனிக் கடவுச்சொல் பட்டியல் வைத்திருக்கிறது. புதிதாக அமைப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். லினக்ஸ் கடவுச்சொல்லையே அடித்துக்கொண்டிருப்பார்கள், உள்ளே விடாது. ‘எஸ்எம்பிபாஸ்வட் -ஏ’ கொடுத்து அந்தப் பயனரைச் சாம்பாவிலும் சேர்த்தால் முடிந்தது. உள்ளே போன பிறகு யார் எழுதினாலும் ஒரே உரிமையாளர் பெயரில் விழ ‘ஃபோர்ஸ் யூசர்’ என்று ஒரு வரி போதும். என்எஃப்எஸ்ஸில் நான் மாதக்கணக்கில் முட்டிக்கொண்ட 501, 1000 பிரச்சினை இந்த ஒரு வரியில் தீர்ந்தது. அமைப்பில் எழுத்துப்பிழை இருந்தால் ‘டெஸ்ட்பார்ம்’ சொல்லிவிடும். பதிவின் அளவை 3 ஆக்கினால் யார் வந்தார், ஏன் திருப்பி அனுப்பப்பட்டார் என்பது லாக் ஃபைலில் வரிவரியாக இருக்கும். எனக்குச் சாம்பா பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம்.

அதற்காகச் சாம்பா சாதுவென்று சொல்ல மாட்டேன். அதன் தொல்லைகள் பெரும்பாலும் விண்டோஸ் பக்கத்திலிருந்து வரும். ‘நெட்வொர்க்’ பகுதியில் சர்வர் தெரியவில்லை என்பார்கள். அட்ரஸ் பாரில் இரண்டு பின்சாய்கோடு போட்டுச் சர்வரின் ஐபி எண்ணை அடியுங்கள். திறந்தால் ஷேரில் குறையில்லை, கண்டுபிடிக்கும் வசதி மட்டும்தான் இல்லை. பையில் டபிள்யூஎஸ்டிடி என்ற சின்ன நிரலை நிறுவினால் தெரிய ஆரம்பிக்கும். ஒருமுறை ஒரு பெயரில் நுழைந்துவிட்டு அதே சர்வருக்கு இன்னொரு பெயரில் போனால் 1219 என்ற பிழை வரும். ‘நெட் யூஸ்’ வழியாகப் பழைய இணைப்புகளை நீக்கிவிட்டு மறுபடி நுழைய வேண்டும். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் ஷேர் வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 வந்ததும் அது திறக்காமல் போயிருக்கும். அதைத் தளர்த்தும் வழி தேடாதீர்கள், ஒரு கடவுச்சொல் வைத்துவிடுங்கள்.

பழைய மீடியா பெட்டிகள் சில எஸ்எம்பியின் முதல் பதிப்பான எஸ்எம்பி1 மட்டும்தான் பேசும். அதற்காகச் சர்வரில் எஸ்எம்பி1-ஐத் திரும்பத் திறக்கச் சொல்லும் ஆலோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். சாம்பாவும் 2019-இல் 4.11 பதிப்பிலிருந்து அதை இயல்பாக அணைத்து வைத்திருக்கிறது. அந்தப் பெட்டிக்குப் படிக்க மட்டும் உரிமை கொடுத்து என்எஃப்எஸ் திறந்துவிடலாம். ‘கோடி’ என்ற மீடியா பிளேயர் செயலியில் என்எஃப்எஸ் உள்ளேயே இருக்கிறது. ஆனால் எக்ஸ்போர்ட்ஸ் வரியில் ‘இன்செக்யூர்’ என்று சேர்க்காவிட்டால் சர்வர் மறுக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1024-க்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கையையும் ஏற்றுக்கொள் என்பதுதான் அதன் பொருள்.

சர்வர் பாதியில் செத்துப்போனால்? சாம்பா கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் பிழை காட்டும். என்எஃப்எஸ் அப்படியே உறைந்துவிடும். இயல்பான ‘ஹார்ட்’ மவுண்டில் சர்வர் திரும்பி வரும்வரை அது காத்திருக்கும். சம்பந்தமே இல்லாத ‘டிஎஃப்’ கட்டளைகூட நகராது. ‘சாஃப்ட்’ என்று மாற்றினால் உறையாது, ஆனால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் கெடலாம். எழுதும் ஃபோல்டருக்கு ‘ஹார்ட்’, படிக்கும் ஃபோல்டருக்கு ‘சாஃப்ட்’ என்பது என் கணக்கு. டெஸ்க்டாப்பின் எஃப்எஸ்டேபில் லினக்ஸ் எழும்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட் விருப்பத்தையும் ‘நோஃபெயில்’ என்பதையும் சேர்த்தால், பை எழும் முன் டெஸ்க்டாப் எழுந்தாலும் பூட் நிற்காது.

எஸ்எஸ்எச்எஃப்எஸ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இருந்தாலே போதும், சர்வரில் எதுவும் அமைக்க வேண்டாம். அவசரத்துக்கு நல்லது, அன்றாடத்துக்கு மெதுவாக இருக்கும்.

நான் கடைசியாகக் கண்டுபிடித்த கோளாறு தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வருவது. டிஸ்க்கில் ‘கொலு 2016’ என்று இரண்டு ஃபோல்டர்கள், ஒரு எழுத்துகூட வித்தியாசமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விண்டோஸில் தேடினால் ஒன்று மட்டும் அகப்படும். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் பிரித்துத்தான் வைக்கும். என்எஃப்எஸ் வழியாக நகலெடுத்தபோது அது அப்படியே போயிருக்கிறது. விண்டோஸில் தட்டச்சு செய்தது சேர்ந்த வடிவம். இஎக்ஸ்டி4-க்கு இரண்டும் வேறு வேறு பெயர். மேக்கில் என்எஃப்எஸ் மவுண்ட் செய்யும்போது ‘என்எஃப்சி’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் இனிமேல் வருபவை சேர்ந்த வடிவில் வரும். ஏற்கெனவே இருப்பவற்றை மாற்ற ‘கான்வ்எம்வி’ என்ற கட்டளை இருக்கிறது. ‘நோடெஸ்ட்’ கொடுக்காமல் ஓட்டினால் எதை மாற்றப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். எனக்கு அந்தப் பட்டியலில் கொலு, தொட்டில், பொங்கல், கோயில், மோதிரம் என்று ஒகர ஓகாரப் பெயர்கள் எல்லாம் வந்தன. இரட்டையாக இருந்த கொலுவை மட்டும் முதலில் கையால் ஒன்றாக்கிவிட்டு, அப்புறம் மற்றவற்றுக்கு ‘நோடெஸ்ட்’ கொடுத்தேன்.