பாலக்காடு–கோவை வழிக்கு எந்த லேப்டாப் கேஸ்: கிளிப் ஷெல்லா, ஜிப் உறையா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களில் பலர் தோளில் லேப்டாப்போடுதான் பஸ் ஏறுகிறார்கள். பாலக்காட்டிலிருந்து ரயிலில் வருகிறவர்களும் அப்படித்தான். எடை கூடாமல் கெட்டியாக ஒரு கேஸ் வேண்டும் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகையை எடுத்துப் போடுவார்கள். ஒன்று, மெஷினோடு கிளிப் போட்டு ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் ஷெல். இன்னொன்று, ஜிப் வைத்த விறைப்பான ஃபோம் உறை. பார்வைக்கு ஷெல்தான் அழகு. தினமும் எல்லை தாண்டிப் போய் வருகிறவர்களுக்கு ஜிப் உறைதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஷெல்லை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த இரண்டு மெல்லிய தட்டுகள். ஒன்று மூடிக்கு, ஒன்று அடிப்பக்கத்துக்கு. 13 அங்குல மெஷினுக்கான ஜோடி சுமார் 300 கிராம் வரும். 2022-இல் வந்த, ஆப்பிளின் எம்2 சிப் போட்ட மேக்புக் ஏர் 1.24 கிலோதான். அதாவது, எடை குறைவு என்பதற்காகக் காசு கொடுத்து வாங்கிய மெஷினில் கால் பங்கு எடையை நாமே ஏற்றிவிடுகிறோம். அந்த எடையில் ஒரு பகுதி மூடியின் மேல் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. கீல் கொஞ்சம் தளர்ந்த பழைய மெஷினாக இருந்தால், ஓடுகிற பஸ்ஸில் மடியில் வைத்துத் திறக்கும்போது திரை தானாகப் பின்னால் சாயும்.

அளவிலும் சிக்கல் இருக்கிறது. மெஷினின் உருவத்துக்கு அச்சு அசலாக வார்த்தால்தான் ஷெல் பொருந்தும். 2020-இன் எம்1 ஏர் முன்பக்கம் சரிந்து மெலியும். எம்2 ஏர் ஒரே தட்டையாக இருக்கும். 'மேக்புக் ஏர் 13' என்று மட்டும் பார்த்து வாங்கினால் ஒன்றின் ஷெல் இன்னொன்றில் ஏறாது. மெஷினின் அடியில் பொடி எழுத்தில் ஏ2337, ஏ2681 என்று ஒரு எண் இருக்கும்; அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டெல், எச்பி, லெனோவா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே பெரும்பாலும் இல்லை. அவற்றில் மாடல்கள் ஏராளம் என்பதால் பலவற்றுக்கு ஷெல்லே கிடைப்பதில்லை.

கிளிப் ஷெல்லை ஆறு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும். உள்ளே ஓரம் முழுக்கச் செம்மண் தூசி மெல்லிய கோடாகப் படிந்திருக்கும். கஞ்சிக்கோடு சாலையில் ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூள் ஷெல்லுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் உரசும். கீறல் விழாமல் இருக்கப் போட்ட ஷெல்லே கீறிவிடும். மூலையில் உள்ள கிளிப் அருகே முடி போன்ற விரிசல்கள் பிரிந்து ஓடியிருக்கும். பாலிகார்பனேட் உறுதியான பொருள்தான். ஆனால் எப்போதும் இழுபட்டு நிற்கும் இடத்தில் எண்ணெய்ப் பசையோ கிளீனரோ படும்போது அங்கே அது விண்டுபோகும்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். 2020-இன் எம்1 முதல் மேக்புக் ஏரில் ஃபேன் கிடையாது. அலுமினிய உடம்பு வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். அறையின் வெப்பம் 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. பங்குனி, சித்திரையில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் அடிப்பக்கத்தையும் பிளாஸ்டிக்கால் மூடினால், வேலை கூடும்போது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சரி, கீழே விழுந்தால் ஷெல் காப்பாற்றுமா? கொஞ்சம்தான். ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி ஓடு அடியைப் பரப்பிக் கொடுக்கும். உள்ளே இருக்கும் தெர்மகோல் நசுங்கி அதை வாங்கிக்கொள்ளும். தெர்மகோல் இல்லாத வெறும் ஓடு என்றால் யாரும் தலையில் மாட்ட மாட்டார்கள். கிளிப் ஷெல்லில் இருப்பது அந்த ஓடு மட்டும்தான். மூலை தரையில் மோதினால் அந்த அதிர்ச்சி ஏறக்குறைய அப்படியே உள்ளே போகும். மூலைகளில் ரப்பர் போன்ற டிபியு வைத்த ஷெல்கள் இதில் பரவாயில்லை. எடை இன்னும் ஏறும்.

அடுத்து ஜிப் உறை. இவிஏ என்ற ஃபோமைச் சூட்டில் அழுத்தி, பெட்டி போல விறைப்பாக வார்த்து, மேலே துணியோ ரெக்சினோ ஒட்டியிருப்பார்கள். செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடுகிற அதே பொருள். விறைப்பும் உண்டு, நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் குணமும் உண்டு. எடை ஷெல்லோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. மேஜைக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடலாம் என்பதால் கீலுக்கும் சூட்டுக்கும் தொந்தரவு இல்லை. அளவு ஏறக்குறைய ஒத்துவந்தால் எந்த கம்பெனி மெஷினும் உள்ளே போகும்.

நம் வழியில் லேப்டாப்புக்கு விழுவதைவிட நசுங்குவதுதான் பெரிய ஆபத்து. காலை ரயிலில் கஞ்சிக்கோடு தாண்டும்போதே நிற்க இடமிருக்காது. "சேட்டா, பேக்கைக் கொஞ்சம் முன்னாடி போட்டுக்கோங்க" என்று யாராவது சொல்வார்கள். எட்டிமடையில் கல்லூரிப் பிள்ளைகள் இறங்குகிற வரைக்கும் நாலு பேருடைய எடை நம் பையின் மேல்தான். மூடியின் நடுவில் விழும் அழுத்தம் கண்ணாடியை வளைத்து, அதைக் கீபோர்டின் மேல் கொண்டுபோய் அழுத்தும். மூடியோடு ஒட்டி நிற்கிற ஷெல் மூடியோடு சேர்ந்தே வளையும். ஃபோம் உறையின் முகப்பு மெஷினிலிருந்து கொஞ்சம் விலகி, வளைந்து நிற்பதால் அழுத்தத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பல உறைகளில் மூடிக்கு நேர் எதிரே வலைப் பாக்கெட் தைத்திருப்பார்கள். சார்ஜரை அதில் போடவே போடாதீர்கள். அந்தக் கட்டியான அடாப்டர் திரையின் முதுகில் ஒரே இடத்தில் குத்தி நிற்கும். அப்புறம் உறை எவ்வளவு கெட்டியாக இருந்தும் பிரயோஜனமில்லை. சார்ஜரைப் பையின் வெளி அறையில் வையுங்கள். வெப்கேமில் ஒட்டும் மூடிக்கும் இதே கதைதான். சாதாரணத் தாளின் கனமான 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மெஷினை மூடுமுன் கழற்றிவிடச் சொல்லி ஆப்பிளே எச்சரித்திருக்கிறது.

ஜிப் உறையின் குறை மழை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் ஜூன் 1. சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. எருத்தேம்பதியில் காய்ந்த மண்ணிலிருந்து கிளம்பி, பாலக்காடு ஸ்டாண்டில் கொட்டுகிற மழையில் இறங்குவோம். உறையின் துணி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், ஜிப் பிடிக்காது. பைக்கு மழைக் கவர் தனியாக வாங்கியே ஆக வேண்டும். கிளிப் ஷெல் மட்டும் என்ன, போர்ட் துளைகளைத் திறந்தேதான் விட்டிருக்கிறது.

நியோபிரீன் என்ற ரப்பர் துணியில் தைத்த மெல்லிய உறை கீறலுக்கு மட்டும். முழுதாகத் தண்ணீர் புகாத பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் பெட்டிகள் கேமராக்காரர்களுக்குச் சரி, நமக்குச் சுமை.

அட்டைப் பெட்டியில் 'மிலிட்டரி கிரேடு' என்று போட்டிருப்பதை நம்பி அதிகக் காசு கொடுக்க வேண்டாம். மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை. அதன் விழும் சோதனை 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை. இதற்குச் சான்றிதழ் தரும் அரசு அமைப்பு எதுவும் கிடையாது. கம்பெனி தானே சோதித்து, தானே எழுதிக்கொள்ளலாம். எந்தச் சோதனை, எத்தனை முறை என்று எழுதியிருந்தால் மட்டும் மதியுங்கள்.

கல்லூரி விடுதியிலேயே இருக்கிற, மெஷின் அறையை விட்டு வெளியே போகாத மாணவர்களுக்கு ஷெல் போதும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்கட்டும். மற்றவர்கள் காந்திபுரத்துக் கடைக்கு மெஷினையும் கையோடு எடுத்துப் போங்கள். உறைக்குள் வைத்து ஜிப்பை முழுச்சுற்றும் இழுத்துப் பாருங்கள். மூலையில் திணற வேண்டியிருந்தால் அது சின்னது. உள்ளே அரை விரல் அகலத்துக்கு மேல் ஆடினால் பெரிது. அப்புறம் மெஷினை வெளியே எடுத்துவிட்டு, மூடிய உறையின் நடுவில் உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். முகப்பு குழிந்து அடித்தட்டைத் தொட்டுவிட்டால் அந்த உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.