சாட்ஸ்வொர்த் அச்சகமும் 'இ' முளைத்த காற்புள்ளிகளும்

தைப்பூசக் காவடித் திருவிழாவுக்காக எங்கள் கோயில் சபை 300 துண்டறிக்கைகளை தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள ஓர் அச்சகத்தில் அடிக்கக் கொடுத்தது. தாள் நன்று, மை நன்று. சொன்ன நாளில் கைக்கு வந்தது. குறையெல்லாம் நிறுத்தக்குறிகளில்தான்.

அச்சிடுமுன் சரிபார்க்கத் தந்த முதல் மெய்ப்பில் "பால்குடம்இ அபிஷேகம்இ அன்னதானம்" என்று இருந்தது. காரணம் பாமினி என்னும், யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. அதில் காற்புள்ளி விசையை அழுத்தினால் 'இ' விழும், அரைப்புள்ளி விசையை அழுத்தினால் மெய்யெழுத்தின் புள்ளி விழும். உண்மையான காற்புள்ளிக்கு ஷிஃப்டுடன் முற்றுப்புள்ளி விசையை அழுத்த வேண்டும். தட்டச்சு செய்த இளைஞருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இங்கே அது வியப்பன்று. "அங்கிள், இது எழுத்தா, குறியா?" என்று பணிவாகக் கேட்டார். குறிதான் என்றேன். அடுத்த மெய்ப்பில் 'இ' அனைத்தையும் ஒரேயடியாக நீக்கியிருந்தார். "இரவு 7 மணி" என்பதும் "ரவு 7 மணி" ஆகியிருந்தது.

அதைவிடப் பெரிய வினை வேறோர் இடத்தில் காத்திருந்தது. "காவடி எடுப்போர், குழந்தைகள் பின்வாசல் வழியாக வரவும்" என்று நான் எழுதிக் கொடுத்த வரியில் காற்புள்ளி போனதும், காவடி எடுப்போருடைய குழந்தைகள் மட்டும் பின்வாசலுக்கு வர வேண்டும் என்று பொருள்பட்டு, தந்தை ஒரு வாசலிலும் பிள்ளை மறுவாசலிலும் நிற்கும்படி ஆகிவிட்டது. "எடுப்போரும் குழந்தைகளும்" என்று எழுதியிருந்தால் காற்புள்ளியே வேண்டியிராது. அந்த அளவுக்குப் பிழை என்னுடையதும்தான்.

மூன்றாம் மெய்ப்பில், "தேர் எப்போது புறப்படும் என்று பலர் கேட்கிறார்கள்" என்ற வாக்கியத்தின் முடிவில் யாரோ அக்கறையாக வினாக்குறி இட்டிருந்தார்கள். கேள்வி பிறருடையது, வாக்கியம் செய்தி கூறுவது; முற்றுப்புள்ளியே பொருந்தும். சிவப்பு மையால் திருத்தினேன். முணுமுணுக்காமல் மாற்றித் தந்தார்கள், கூடுதல் கட்டணமும் கேட்கவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அடுத்த ஆண்டும் அங்கேதான் கொடுப்பேன். ஆனால் யூனிகோடில் நானே தட்டச்சு செய்து, பிடிஎஃப் கோப்பாகவே கொண்டுபோவேன்.